கண்ணாடிப் பெட்டிச் சண்டை

என் அண்ணன் ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தான். அதை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இன்னொரு கண்ணில் துணி கட்டியிருந்தது. அந்தத் துணிக்குள் இருந்த கண் பிழைக்க வேண்டும் என்றுதான் அவன் கையில் காப்பு கட்டியிருந்தான். காப்பு கட்டிய கை யார் மேலும் விழக்கூடாது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் அது. அப்பா எஸ்டேட்டில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்துவிட்டாள். காஜா பேராங்கில் செட்டி கம்போங் கிராமத்தை ஒட்டி ஒரு பலகை வீடு. அம்மா நாலு வீட்டில் துணி துவைத்தாள். அண்ணன் ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்கினான். அவனுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். வாரத்துக்கு ஒரு சட்டை கிழிந்து வரும். அம்மா திட்டிக்கொண்டே தைப்பாள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மை வார்த்தது. உடம்பில் ஒரு விரல் வைக்க இடமில்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் இடது கண் திறக்கவில்லை. சீழ் வைத்து இமை ஒட்டிப்போயிருந்தது. அம்மை வார்த்த வீட்டில் மருந்து வாசனையே வரக்கூடாது, வந்தால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்பது அம்மாவின் சட்டம். அதனால் வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றை என் கண்ணில் விட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அம்மா என் கைகளை முழங்காலால் அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் விட்டாள். அன்பாகத்தான் செய்தாள். தினமும் செய்தாள்.

ஒருநாள் அண்ணன் வேலை முடிந்து வரும்போது இதைப் பார்த்துவிட்டான். அம்மாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஒரு பக்கமாக உட்கார வைத்தான். என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். அம்மா வண்டி போகும் சடக்குவரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சட்டை கிழிந்ததும் நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணைக் கழுவித் திறந்து பார்த்தார். பிறகு அண்ணனை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டு மலாயில் பேசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தான். இவ்வளவு தாகமா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னான்.

"பார்ப்போம்னு சொல்றாரு. சாமியையும் வேண்டிக்கச் சொன்னாரு."

அம்மாவுக்கு அது போதும். "டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா? என்னமோ என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போனியே!" என்றாள். அன்றைக்கே வேண்டுதல் வைத்துவிட்டாள். வரப்போகும் மாரியம்மன் திருவிழாவில் அண்ணன் பால்குடம் எடுக்க வேண்டும். அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்த வேண்டும். எனக்குக் கண் வந்துவிடும். அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

காப்பு கட்டிய அன்று அம்மா அவனை நிற்க வைத்துச் சட்டம் படித்தாள். கவிச்சி கூடாது. ஊர் எல்லை தாண்டக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. "முக்கியமா கையை நீட்டக் கூடாது. ஒரு கொசுவைக்கூட அடிக்காதே. அடிச்சே, இவ கண்ணு அவ்வளவுதான்." மஞ்சள் துண்டு கோத்த கயிறு அவன் மணிக்கட்டில் சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய கைக்கு அவ்வளவு சின்னக் கயிறு.

அப்போது கடற்கரைத் திடலில் ஃபன் ஃபேர் போட்டிருந்தார்கள். ராட்டினம், வளையம் எறிதல், பலூன் சுடுதல் எல்லாம் இருந்தன. ஆனால் இளவட்டங்கள் மொய்த்தது ஒரு மிஷினைத்தான். சாமான் அலமாரி உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரும்பில் செய்த குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டு பேர், சிவப்புக் கால்சட்டை ஒருவன், நீலக் கால்சட்டை ஒருவன். வெளியே ஆளுக்கொரு கைப்பிடி. காசு போட்டு விசையை அழுத்தினால் பொம்மையின் கை குத்தும். எதிராளி பொம்மையின் தாடையில் சரியாக விழுந்தால் அது மல்லாக்கச் சாயும். தோற்றவன் விலகிப்போக, ஜெயித்தவன் அடுத்த ஆளோடு ஆடுவான். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் விளையாடும் வீடியோ கேமுக்கு அது பாட்டன் முறை.

அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டவன் அண்ணனின் சிநேகிதன், செட்டி கம்போங்காரன். எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் வராது. நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் மாரியம்மன் இருப்பாள், வாயைத் திறந்தால் மலாய்தான். அவன் அண்ணனைப் 'பாங்' என்று கூப்பிடுவான். மலாயில் அண்ணன். மெலிந்த ஆள். ஊதினால் விழுந்துவிடுவான். அவனுக்கு யாராவது தொல்லை கொடுத்தால் அண்ணன் போய் நிற்பான். தொல்லை தீர்ந்துவிடும்.

அந்த மிஷினில் அண்ணனை ஜெயிக்க ஆளே கிடையாது. காப்பு கட்டிய பிறகு அவனுக்குக் கை பரபரத்தது. பொம்மையைக் குத்தினால் அது அடித்ததாகுமா? இந்தச் சந்தேகத்தை அவன் நேராகக் கோயில் பூசாரியிடமே கொண்டுபோனான். நானும் கூட இருந்தேன். பூசாரிக்குத் திருவிழா வேலை தலைக்கு மேல் இருந்தது.

"அந்தப் பொம்மைக்கு வலிக்குமாப்பா?"

"வலிக்காதுங்க சாமி. இரும்பு."

"உனக்கு?"

"எனக்கா? எனக்கு ஜாலியா இருக்கும்."

"அப்படின்னா வேணாம். போ, அந்த வாளியை எடுத்துட்டு வா."

அண்ணன் வாளியை எடுத்து வந்தான். அதற்குப் பிறகு மிஷினைத் தொடவில்லை. ஆனால் தினமும் போய் நின்று பார்ப்பான்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, நான் வீட்டில் அடைந்து கிடந்து கிடந்து பைத்தியம் பிடித்தவள்போலக் கத்தியதில், அண்ணன் என்னையும் ஃபன் ஃபேருக்குக் கூட்டிப்போனான். பொழுது சாயும் நேரம். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் துணி. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மிஷினுக்கு முன்னால் போய் நின்று, "நான் ஆடறேன்" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே காசு போட்டான். ஒரு கண்தானே இருந்தது. அதனால் அக்கம்பக்கம் எதுவும் தெரியவில்லை, தாடை மட்டும்தான் தெரிந்தது. வந்தவனையெல்லாம் சாய்த்தேன். எத்தனையோ வாரமாக என் உடம்புக்குள் இருந்த ஆத்திரம் முழுக்க அந்த விசை வழியாக இறங்கியது. அந்தச் சுகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போதுதான் அவன் வந்தான். எங்கள் பக்கத்துச் சண்டியன், முன்வாயில் ஒரு தங்கப்பல். கிடங்கிலும் பாசார் கடைகளிலும் அவனுக்கு வழிவிட்டுத்தான் நடப்பார்கள். பின்னால் மூன்று அடியாட்கள். எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். நான் சாய்த்தேன். மறுபடி காசு போட்டான். மறுபடி சாய்த்தேன். கூட்டம் கூடிவிட்டது. அவன் பக்கத்து நீலக் கால்சட்டைக்காரன் விழ விழக் கூட்டம் கைதட்டியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ரகமில்லை. "ஒத்தைக் கண்ணுக்காரிகிட்டயே இத்தனை வாட்டி தோத்தா, ரெண்டு கண்ணுக்காரிகிட்ட என்ன ஆவ?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மிஷின்காரனின் கழுத்துச் சட்டையைப் பிடித்துவிட்டான். நீலப் பொம்மையில் ஏதோ கோளாறு செய்து வைத்திருக்கிறான் என்றான். ஓர் அறை விட்டான். செட்டிப் பையனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அண்ணன் குறுக்கே போனான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, சின்னப் பொண்ணு பேசிருச்சு. விட்டுருங்கண்ணே."

கும்பிட்ட கையில் மஞ்சள் கயிறு தெரிந்தது. சண்டியனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் நம் ஆள்தானே, காப்பு என்றால் என்னவென்று தெரியாதா? பல் தெரியச் சிரித்தான். "ஓ, விரதமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணனின் இடது கன்னத்தில் விட்டான். பிறகு வலது கன்னத்தில். பிறகு வயிற்றில் முட்டியால் இடித்தான். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தன் மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடித்திருந்தான். காறி முகத்தில் துப்பினான் அந்த நாய். அண்ணன் துடைக்கக்கூட இல்லை. நான் என்ன செய்தேன்? நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அடிச்சிடாதே! என் கண்ணு, அண்ணே! என் கண்ணு!"

எனக்கு அந்தக் கண் வேண்டும். எவன் அடிபட்டால் என்ன, எவன் செத்தால் என்ன, எனக்கு என் கண் வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்? இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணன் அடிவாங்குவதைப் பொறுக்காமல் அந்த மெலிந்த செட்டிப் பையன் ஓடிவந்து சண்டியனின் கையைப் பிடித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. இரண்டு அடியாட்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். சண்டியன் ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியில் அடித்தான். கண்ணாடி சரிந்து, சட்டத்தில் கூர்கூராக நின்றது. பையனின் வலது கையைப் பிடித்து அந்த உடைசலுக்குள் முழங்கைவரை நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல இழுத்தான். வெளியே இழுத்தான், உள்ளே தள்ளினான். "இந்தக் கைதானே கோளாறு பண்ணுச்சு?" என்றான். பையன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. "பாங்!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. அவன் வெறியில் தன்னை மறந்து அடித்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன். அவன் என்னைப் பார்த்தான். என் கண்ணில் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் திரும்பி அடித்தான்.

முதல் அடியிலேயே சண்டியனின் தாடை உடைந்தது. சத்தம் கேட்டது. இரண்டாவது அடியில் தங்கப்பல் தெறித்துப் புல்லில் விழுந்தது. பையனை அமுக்கியிருந்த இரண்டு பேரும் விட்டுவிட்டு ஓடினார்கள், மூன்றாவது ஆள் அதற்கு முன்பே காணோம். காப்பாற்றுகிற வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அண்ணன் முடிக்கவில்லை. உடைந்த பெட்டிக்குள் கையை விட்டு, நீலக் கால்சட்டைப் பொம்மையைத் தண்டோடு பிடுங்கி எடுத்தான். கீழே கிடந்தவனின் நெஞ்சில் உட்கார்ந்து அந்த இரும்பால் முகத்தில் இறக்கினான். திரும்பத் திரும்ப இறக்கினான். ஒவ்வோர் அடிக்கும் அந்த ஆளின் கால் தூக்கித் தூக்கி விழுந்தது. பிறகு காலும் அசையவில்லை. ரத்தம் என் பாவாடைவரை தெறித்தது. கடைசியில் கை கிழிந்து தொங்கிய அந்தச் செட்டிப் பையன்தான் அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினான். "சுக்கூப், பாங்! சுக்கூப்!" போதும், அண்ணே, போதும். அவன் கையிலிருந்து ஓடிய ரத்தம் அண்ணனின் மணிக்கட்டில் வழிந்து மஞ்சள் கயிறு சிவப்பானது.

சண்டியன் சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள். போலீஸ் அண்ணனைக் கொண்டுபோய் உள்ளே வைத்து தன் பங்குக்கு அடித்தது. செட்டி கம்போங் பெரியவர்கள் போய்ப் பேசி, நடந்ததைச் சாட்சி சொல்லி, கொஞ்ச மாதத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் போலீஸ் வருவதற்கு முன்பே அம்மாவின் விசாரணை நடந்து முடிந்துவிட்டது.

என்னை வீட்டில் விட வந்தவனை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். கயிற்றைப் பார்த்தாள். அவன் கையை இழுத்து, ரத்தத்தோடு அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். பிறகு விளக்குமாற்றை எடுத்தாள். அது பிய்ந்து ஈர்க்கு ஈர்க்காகப் போகிறவரை அடித்தாள். "எவனோ ஒருத்தன் கைக்காக என் மவ கண்ணைத் தின்னுட்டியேடா!" என்று கேட்டு அடித்தாள். சற்று முன் ஒரு சண்டியனையே உருத்தெரியாமல் ஆக்கியவன், குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"ஆமாம்மா. எனக்குக் கை அரிச்சுச்சு. அடிக்கணும்போல இருந்துச்சு, அடிச்சேன்."

கண் வரவில்லை. துணியை எடுத்துப் பார்த்தால் கருவிழி முழுக்க வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. திருவிழா வந்தது, போனது. அம்மா வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கண்மலர் அரிசி டின்னுக்குள்ளேயே கிடந்தது. அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சோறு போடுவாள். தட்டைச் சத்தமாக வைப்பாள். "தின்னச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் ஒன்று, அவள் நன்றாகத் தூங்கினாள். யாரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும் தெரிந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போகும் ஒவ்வொரு தடவையும் நான் அண்ணனிடம் போய் நின்று, "இதுவும் உன் புண்ணியம்" என்பேன். அந்தச் செட்டிக்காரன் மட்டும் விடாமல் வந்துபோனான். அவன் வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. மடங்காத கையோடு பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான், அம்மா கதவைச் சாத்துவாள், வாசலில் வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் சடக்கில் அவனைப் பிடித்து மலாயில் நன்றாகக் கேட்டேன். "உன்னைக் காப்பாற்ற இரண்டு அடி போதும். மிச்ச அடியெல்லாம் யாருக்காக? உனக்காகவா?" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "மிச்ச அடி அவருக்காக இருக்கும். ஆனால் முதல் அடி எனக்காக" என்றான். முதல் அடியும் அவனுக்காகத்தான், உனக்காக இல்லை, உலகத்தில் எவனும் எவனுக்காகவும் எதுவும் செய்வதில்லை என்றேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கல்யாணம் நடக்கவில்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தேன், நன்றாகவே வாழ்ந்தேன். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை குட்டியாகி, புக்கிட் பாருவில் மகன் வீட்டோடு போய்விட்டான். நான் காஜா பேராங்கைவிட்டு நகரவில்லை. வாரம் ஒருமுறை அவன் வருவான், அல்லது நான் போவேன். போனால் சண்டை போடுவேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும். நடந்தாலும் உட்கார்ந்தாலும் அவன் என் இடப்பக்கம்தான் வருவான். எனக்குத் தெரியாத பக்கம். என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிகிறான் என்று நினைத்துக்கொள்வேன். நன்றாக வெட்கப்படட்டும் என்றும் நினைப்பேன்.

போன வருடம் அந்தச் செட்டிக்காரன் இறந்துபோனான். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து நான் புக்கிட் பாருவுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். கோலாலம்பூரில் இருக்கும் பேரன் பழக்கிவிட்டது. நாலு பேர் ஒரு கூட்டம். ஒரு தீவில் இறங்கி மற்றவர்களையெல்லாம் சுட்டுக் கொல்ல வேண்டும். நம் ஆள் சுடப்பட்டு விழுந்தால் உடனே சாவதில்லை, தரையில் ஊர்ந்துகொண்டு கிடப்பான். கூட்டாளி யாராவது பக்கத்தில் மண்டிபோட்டுத் தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். தூக்குகிற நேரத்தில் தூக்குகிறவனைச் சுலபமாகச் சுட்டுவிடலாம். அண்ணன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். எவன் விழுந்தாலும் ஓடுவான், மண்டிபோடுவான், செத்துப்போவான். போனுக்குள்ளிருந்து பேரன் கத்தினான்.

"தாத்தா! அவனை விடுங்க தாத்தா! நீங்க உயிரோட இருந்தாத்தான் நாம ஜெயிக்க முடியும்!"

"அவன் ஊர்ந்துகிட்டு இருக்கான்டா."

"அது பொம்மை தாத்தா!"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "புள்ளைக்கு இருக்கிற புத்தி உனக்கில்லையே" என்றேன். "அன்னைக்கும் இப்படித்தான். எவனையோ தூக்கிவிடப் போய் என்னை ஊர விட்டே. தர்மவான்! கை அரிப்புக்கு அடிச்சிட்டு, ஊரெல்லாம் உன்னைத் தியாகின்னு பேச வச்சே. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். இப்பவாவது சொல்லு. அன்னைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தியே, பார்த்துட்டுத்தானே அடிச்சே?"

அண்ணன் போனை மடியில் வைத்தான்.

"ஆமா. பார்த்துட்டுத்தான் அடிச்சேன்."

"ஏன்?"

"அந்தக் கண்ணு அப்பவே போயிருச்சும்மா."

எனக்குப் புரியவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஆஸ்பத்திரியில டாக்டரு சொல்லிட்டாரு. அம்மையால பாதி, அம்மா விட்ட சாத்தால பாதி. சாறு விடாம முன்னாலயே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்றது? தன் கையால மவ கண்ணை அவிச்சிட்டேன்னு தெரிஞ்சா அம்மா தூக்கு மாட்டிக்கிட்டிருக்கும். அதான் சாமி கீமின்னு ஏதோ சொன்னேன். அப்புறம் இந்தச் சண்டை வந்துச்சு. அம்மாவுக்குத் திட்ட ஓர் ஆளு கிடைச்சுச்சு. நானும் விட்டுட்டேன்."

"அம்மாவுக்காகச் செஞ்சியா?"

"அட, அதெல்லாம் இல்ல. அது தன்னைத் தானே அடிச்சிக்கிட்டு அழுதா, நான்தானே பக்கத்துல இருந்து கேக்கணும்? என்னைத் திட்டினா, சோத்தைப் போட்டுட்டுத் திட்டும். எனக்கு அது சுலபம்."

போனுக்குள் பேரன் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நீ கேட்டது வேற. உன்னைப் பார்த்தேனே, அதைக் கேட்டே. அந்தச் சண்டியன் அவன் கையைக் கண்ணாடியில இழுக்கறான். நான் உன் கண்ணைப் பார்த்தேன். இதுல இழக்க ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். அதான் அடிச்சேன். தெரியாம இருந்திருந்தா, உன் கண்ணுக்கு ஒரு சொட்டு நம்பிக்கை இருந்திருந்தா..." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பேன். அவன் கையைத் துண்டா அறுத்திருந்தாலும் நின்னிருப்பேன். அவன் வருஷா வருஷம் பலகாரம் தூக்கிக்கிட்டு வந்தான், அவன்கிட்ட இதைச் சொல்லவே முடியல. அவன் போயிட்டான், அதான் இப்போ சொல்றேன்."

நான் எழுந்தேன். அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். போன் தெறித்துத் தரையில் விழுந்தது. மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். எழுபது தாண்டிய கைக்கு அவ்வளவு பலம் இருந்தது எனக்கே ஆச்சரியம். இன்னொன்றும் விட்டேன். அம்மா உயிரோடு இருந்தவரை சரி. அவள் போய் எத்தனை வருஷமாகிறது! இத்தனை வருஷமும் என்னையும் சேர்த்தல்லவா திட்ட வைத்தான்? என் அண்ணன் எவனோ ஒருவனுக்காக என் கண்ணைக் கொடுத்துவிட்டான் என்று நான் வயிறெரிந்து வாழ்ந்தேனே, அந்த வயிற்றெரிச்சலை யார் திருப்பித் தருவார்கள்? கோபமாக வந்தது. அழுகையாகவும் வந்தது. பூ விழுந்த கண்ணிலிருந்தும் தண்ணீர் வருகிறது, அதற்குப் பார்வை ஒன்றும் தேவையில்லை போல.

அண்ணன் அன்றைக்குப் போலவே கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டான். இப்போதும் என் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் எப்பப் பார்த்தாலும் இந்தப் பக்கமே வந்து ஒளியறே?" என்று கத்தினேன்.

"ஒளியலையே," என்றான் கன்னத்தைத் தடவிக்கொண்டே. "ரோட்டுல அந்தப் பக்கம் காடி வந்தா உனக்குத் தெரியாதில்ல."

நான் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அதை நகர்த்த முடியவில்லை. "எழுந்திரி. இந்தப் பக்கம் வா" என்றேன். அவன் எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சுருக்கம். கன்னத்தில் என் விரல் நாலும் சிவந்து பதிந்திருந்தன. தலையில் முடியே இல்லை. அவனுக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.